சீனத்து வட்டத் தேயிலை

ஹுமைத்: வரட்டி இல்ல ரெங்கசாமி, தேயிலை! வாப்பா காலத்துல சீனத்துணி விக்க வந்தவன் குடுத்தது. பூஏர்னு பேர் சொன்னானாம். நம்ம தேயிலை மாதிரி கறுக்க விடாம, பச்சையாவே அமுக்கி வட்டமாத் தட்டினது. இருவது வருஷமா பதுளைக் கடையில கிடக்குது.

ரெங்கசாமி: இதைத் தூக்கிக்கிட்டா ஹல்துமுல்லை வரைக்கும் வந்தீங்க, ஹுமைத் நானா?

ஹுமைத்: தோட்டத்து ஃபேக்டரியில தேயிலைய ருசி பாத்துப் பக்குவம் சொல்ற டீமேக்கர் நீங்க. உங்க நாக்கு சொன்னாத்தானே பேச்சு? ஆனா பஜார்ல வேற கதை... காய்ச்சல்ல உங்க நாக்கு செத்துப் போச்சாமே?

ரெங்கசாமி: எவன் சொன்னான்? தொரை காதுல விழுந்தா வேலையும் போகும், இந்த வீடும் போகும்!

ஹுமைத்: அப்ப குடிச்சுக் காட்டுங்க. கேத்தல்ல ஒரு துண்டு பிச்சுப் போட்டாச்சு, நல்லாக் கொதிக்குது.

ரெங்கசாமி: இருங்க... நல்லம்மா பீலியில தண்ணி புடிக்கப் போயிருக்கா. வந்துரட்டும்.

ஹுமைத்: நீங்க குடிக்கிறதுக்குப் பொஞ்சாதி எதுக்கு?

ரெங்கசாமி: அவதான் சூடு பாத்துத் தருவா... சரி சரி, ஊத்துங்க. ...ம்ம்... அருமை! தேனாட்டம் இருக்கு!

ஹுமைத்: தேனா? யா அல்லாஹ்! எனக்கு வேப்பெண்ணெயாட்டம் கசக்குது!

நல்லம்மா: வாங்க நானா, எப்ப வந்தீங்க... ஏங்க, நான் வர்றதுக்குள்ள குடிச்சிட்டீங்களா?

ரெங்கசாமி: இவருதான் அவசரப்படுத்துனாரு...

நல்லம்மா: குடுங்க, சூடு பாக்குறேன்... ஐயய்யோ! இதப் போயி தேயிலைத் தூள் மாதிரி வேக வச்சீங்களா? நானா, வாசல்ல வரும்போதே கேட்டுச்சு, அவரு தேன்னு சொன்னது இத இல்ல. இனிமே வரப்போற தண்ணிய.

ஹுமைத்: வராத தண்ணிக்கு இப்பவே ருசி சொல்லுவாரா?

நல்லம்மா: சொல்லுவாரு, சொல்லுவாரு... ஒரு துண்டு பிச்சுக் குடுங்க. மொதத் தண்ணி தூசி கழுவ. கீழ ஊத்தியாச்சு. அடுத்தது, ஊத்துன ஒடனே வடிச்சிரணும்... இருங்க, சூடு பாக்குறேன்... ம்... ஏங்க, வீட்டுல கராம்பு தீந்துபோச்சு.

ரெங்கசாமி: எங்க, குடு... நானா, இது கராம்புக்குப் பக்கத்துல இருந்திருக்கு.

ஹுமைத்: கராம்புப் பெட்டிக்குள்ளதான் வச்சிருந்தேன்! எப்பிடிங்க?

நல்லம்மா: அடுத்த தண்ணி... சூடு பாக்குறேன்... ஏங்க, போன மழையில கூரை ஒழுகுச்சே, அடைச்சீங்களா?

ரெங்கசாமி: ஒரு தடவ மழைத்தண்ணி பட்டுக் காஞ்சிருக்கு, நானா.

ஹுமைத்: கடைக் கூரை ஒழுகினது வாஸ்தவம்தான்... இருங்க, இருங்க! தங்கச்சி கராம்பு கேட்டா நீங்க கராம்புங்கிறீங்க. கூரை கேட்டா மழைங்கிறீங்க!

ரெங்கசாமி: அது தற்செயலா வந்த பேச்சு, நானா!

ஹுமைத்: இந்தத் தண்ணிய நான் ஊத்துறேன். தங்கச்சி வாயத் தொறக்கக் கூடாது. ம், சொல்லுங்க ரெங்கசாமி.

ரெங்கசாமி: ...சூடா இருக்கு.

ஹுமைத்: அது எனக்கும் தெரியும்!

நல்லம்மா: போதுங்க, விடுங்க. நான் சொல்றேன் நானா. மொதல்ல கசப்பு. பொறகு பழைய மரப்பெட்டியத் தொறந்த வாசம். முழுங்கினதுக்கப்புறம் தொண்டையிலேருந்து இனிப்பு ஏறி வருது பாருங்க... இது கெட்டுப் போகல. இவ்வளவு நல்ல தேயிலைய நான் குடிச்சதே இல்ல!

ரெங்கசாமி: மூணு வருஷமா எனக்கு உப்பும் தெரியாது, ஒறப்பும் தெரியாது நானா. சாயங்காலம் டப்பாவுல தேயிலை கொண்டாந்து குடுப்பேன், அவ குடிச்சுச் சொல்லுவா. காலப் புடிக்கிறேன், தொரைகிட்ட மட்டும்...

நல்லம்மா: கால எதுக்குப் புடிக்கிறீங்க? நம்ம தேயிலையப் புகழ்ந்து சீமையிலேருந்து காயிதம் வந்துச்சே, திருடியா வாங்குனோம்? என் நாக்கு வாங்கிக் குடுத்தது! போயிச் சொல்லுங்க நானா!

ஹுமைத்: சொல்லத்தான் போறேன்... கடைக்கு வந்தப்ப என்னைய அனுப்பினதே தொரைதான்! தங்கச்சி தன்னோட அக்கா பிரசவத்துக்குக் கொஸ்லந்தைக்குப் போன அந்த ஒரு வாரம் மட்டும் தேயிலை புளிச்சுப் போச்சாம். அப்பவே அவருக்குச் சந்தேகம். "நல்லம்மா நாக்குத்தான்னு தெரிஞ்சா நாளைக்கே ஃபேக்டரிக்குக் கூட்டிட்டு வா"ன்னாரு. ருசி பாக்குற மேசையில தங்கச்சிக்கு நாற்காலி போட்டாச்சு. வேலையும் வீடும் எங்கயும் போகாது... ஆனா ஒண்ணு ரெங்கசாமி, நாளையிலேருந்து சூடு பாக்குறது நீங்கதான்!