சுட்டவனுக்கு ஓர் அர்ச்சனை

ஈஸ்ட் ஹாமில் கோயில் முடிந்து பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். மடியில் அர்ச்சனைப் பை வைத்திருந்தவர்தான் தொடங்கினார்.

"இண்டைக்கு அந்தச் சுட்டவனுக்குத்தான் அர்ச்சனை செய்தனான்."

"எந்தச் சுட்டவன்?"

"அமெரிக்காவில இன்சூரன்ஸ் கொம்பனிப் பெரியவரைச் சுட்டவன்."

"உமக்கென்ன விசரே? ஐயர் பேர், நட்சத்திரம் கேக்கேல்லையோ?"

"கேட்டவர். அண்ணையின்ரயைச் சொன்னன்."

"செத்த மனிசன்ர பேரிலயோ? ஆரும் அப்பிடிச் செய்வினமே!"

"டொக்டர் மூண்டு தரம் எழுதிக் குடுத்தும் ஸ்கான் தேவையில்லை எண்டு அந்தக் கொம்பனிக்காரர்தான் அங்க இருந்த அண்ணையைச் சாகவிட்டவங்கள். அவன் ஒருத்தனாவது தட்டிக் கேட்டானே."

மற்றவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "சூடுபட்டவருக்கும் பிள்ளையள் இருக்குமெல்லே."

இரண்டு தரிப்புக் கழித்து முதலாமவர் அர்ச்சனைப் பையை மற்றவர் பக்கம் நகர்த்தினார்.

"தட்டைக் கையில வாங்கேக்க எனக்கும் அந்த நினைப்புத்தான் வந்தது. இதை வீட்ட கொண்டுபோக மனமில்லை. நீர் கொண்டுபோம்."

"ஐயோ, எனக்கு வேண்டாம்."

இருவரும் இறங்கிப் போனார்கள். வாழைப்பழமும் தேங்காய்ப் பாதியும் பையோடு சீட்டில் கிடந்தன. பிரசாதத்தை ஒருநாளும் வேண்டாமென்று சொல்லிப் பழகாத நானும், என் தரிப்பு வந்ததும் அதைத் தொடாமல் இறங்கினேன்.