பாதியாய் வெட்டிய முன்சீட்

பானுப்ரியா: ...அதான் கேக்கறேன். சோபா மாதிரி முழுசா இருந்த முன்சீட்ட எதுக்கு ரெண்டா வெட்டினீங்க? மாமா இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பாரு?

ராஜ்குமார்: நைனா இருந்திருந்தா என்ன வண்டிகிட்டயே உட்டிருக்க மாட்டாரு. அவரு போனப்புறம்தானே சாவியே என் கைக்கு வந்துச்சு.

பானுப்ரியா: முப்பது வருசம் அந்த சீட்ல உக்காந்து வாடகைக்கு ஓட்டினாரு. நீங்க ஒரே நாள்ல...

ராஜ்குமார்: ஒரு நாள் இல்ல, நாலு ஞாயித்துக்கிழமை. இப்ப தனித்தனி சீட்டுதான் ஸ்டைலு. வீடியோல அப்டித்தான் காட்டிகினு கீறான்.

பானுப்ரியா: அவன் ஹிந்தில பேசறான். உங்களுக்கு ஹிந்தில தண்ணி கேக்கக்கூட தெரியாது.

ராஜ்குமார்: அவன் கை இன்னா பண்ணுதுன்னு பாத்தா போதும். தறி நெய்ய எவன் எனக்குப் பாடம் எடுத்தான்? எட்டு மாசத்துல, செத்துக் கெடந்த பியட்டு இப்ப ஸ்டார்ட் ஆவுதா இல்லியா?

பானுப்ரியா: ஆவுது. நவுரலையே.

ராஜ்குமார்: இன்னிக்கு நவுரும். கிரவுண்டும் காலியா கீது. புடிச்சுக்கோ.

பானுப்ரியா: எத்த புடிக்க? ...இன்னாது, கதவாண்ட புதுசா ஒரு கைப்பிடி?

ராஜ்குமார்: அது... சும்மா வெச்சேன். போவலாமா?

பானுப்ரியா: போங்க. ...நின்னுடுச்சு.

ராஜ்குமார்: கார்புரேட்டரு.

பானுப்ரியா: அத்த மூணு தபா கழட்டி மாட்டியாச்சு.

ராஜ்குமார்: நாலாவது தபா கழட்டறேன். எறங்கு.

பானுப்ரியா: ...காலைல அண்ணன் போன் பண்ணுச்சு.

ராஜ்குமார்: யாரு, ஜெயக்குமாரா? இன்னாவாம்?

பானுப்ரியா: வர்ற புதன்கிழமை குடும்பத்தோட திருப்பூர் போவுதாம். அங்க வேலை கெடச்சிருக்கு. அம்மாவ... கலசப்பாக்கத்துலயே ஏதோ முதியோர் ஹோமுல உடப் போறாங்களாம்.

ராஜ்குமார்: அப்டியா... அந்த ஸ்பேனர எடு.

பானுப்ரியா: இந்தாங்க.

ராஜ்குமார்: இது பத்து. பன்னெண்டு கேட்டேன்.

பானுப்ரியா: நீங்க நம்பரே சொல்லல. ...வாதம் வந்ததுல இருந்து அம்மாவுக்கு வலது கை காலு இன்னும் வரல. போன மாசம் ஆஸ்பத்திரி போவ வாடகை கார்ல தூக்கி ஏத்தறப்ப தலை இடிச்சு ரத்தமாம். அதுல இருந்து காருன்னாலே அழுவுதாம்.

ராஜ்குமார்: ம்.

பானுப்ரியா: ம்-னா?

ராஜ்குமார்: ம்-னா கேட்டுகினு கீறேன்.

பானுப்ரியா: போயும் போயும் உங்களாண்ட சொல்றேன் பாருங்க. 'தறிக்காரன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்'னு சொன்னவங்கதானே எங்கம்மா. பதினாலு வருசம் மிதிக்கவும் இல்ல. நான் ஒண்ணும் கேக்கல. சேதி சொன்னேன், அவ்ளோதான்.

ராஜ்குமார்: நானும் சேதியாத்தான் கேட்டுகினேன். ...ஆச்சு, ஏறு. இன்னொரு தபா பாக்கலாம்.

பானுப்ரியா: மெதுவா... மெதுவா... போச்சு. மறுபடியும் நின்னுடுச்சு. ஏங்க, வண்டி மேல குத்தம் இல்ல. இப்ப உங்க காலத்தான் பாத்துகினு இருந்தேன்.

ராஜ்குமார்: காலுக்கு இன்னா?

பானுப்ரியா: கிளச்சுல இருந்து இடது கால எடுக்கறப்ப, வலது கால் தானா போயி பிரேக்க அமுக்குது. தறில ஒரு மிதி மேல வந்தா இன்னொரு மிதி கீழ போவணும் இல்ல? அத்தயே இங்கயும் பண்ணிகினு கீறீங்க.

ராஜ்குமார்: ...சீ. அப்டியா பண்றேன்?

பானுப்ரியா: ரெண்டு தபாவும்.

ராஜ்குமார்: அப்ப கார்புரேட்டரு?

பானுப்ரியா: அது பாவம். செவனேன்னு இருந்தத போயி பேஜார் பண்ணிட்டீங்க.

ராஜ்குமார்: சிரிக்காத. இருவத்தஞ்சு வருசம் தறிக்குழில ஆடின காலு. ...ஆமா, கிளச்சு பத்தி உனக்கு எப்டித் தெரியும்?

பானுப்ரியா: வீடியோ சத்தம் எனக்கும்தானே கேக்குது.

ராஜ்குமார்: ஹிந்தியா?

பானுப்ரியா: அத்த உடுங்க. உங்க லைசென்சு டெஸ்ட் இன்னா ஆச்சு? இன்ஸ்பெக்டரு லீவுன்னு ரெண்டு தபா சொன்னீங்க.

ராஜ்குமார்: ...லீவு இல்ல. பெயிலு. ரெண்டு தபாவும் வண்டி பாதில நின்னுடுச்சு. அந்த வண்டிக்கும் கார்புரேட்டரு சரியில்லன்னு சொல்லிட்டு வந்தேன்.

பானுப்ரியா: இப்ப வர்ற வண்டில ஏதுங்க கார்புரேட்டரு?

ராஜ்குமார்: அதான் எல்லாரும் சிரிச்சானுங்களா... புதன்கிழமைக்குள்ள இந்தக் கால வெச்சுகினு நான் இன்னா பண்ணுவேன்.

பானுப்ரியா: புதன்கிழமை உங்களுக்கு இன்னா?

ராஜ்குமார்: ஒண்ணுமில்ல.

பானுப்ரியா: அண்ணன் போற நாளு அது. சொல்லுங்க... இன்னா?

ராஜ்குமார்: கதவ நல்லாத் தொற. சீட்டுக்கு அடில ஒரு கொக்கி கீது பாரு. இழு.

பானுப்ரியா: இழுத்தேன்... ஏங்க, சுத்துது.

ராஜ்குமார்: பயப்படாத, சாஞ்சுக்கோ. கதவு பக்கமா தானா திரும்பி நின்னுக்கும். அடில பழைய பவர்லூம் பேரிங் போட்டிருக்கேன்.

பானுப்ரியா: கால் தரைல படுது. அப்டியே எழுந்து நிக்கலாம் போல...

ராஜ்குமார்: உக்காரவும் அப்டித்தான். யாரும் தூக்க வேணாம். வெளிய பாத்து உக்காந்துகினா, நாம மெல்ல உள்ள திருப்பிடலாம். தலை இடிக்காது.

பானுப்ரியா: இந்தக் கைப்பிடி...

ராஜ்குமார்: இடது கைக்கு எட்டற மாதிரி வெச்சேன். அவுங்களுக்கு வலது கை வராது இல்ல.

பானுப்ரியா: ...அம்மாவுக்கா?

ராஜ்குமார்: தலை இடிச்ச அன்னிக்கே உங்கண்ணன் என்னாண்ட சொல்லிட்டாரு. ஊருக்குப் போறதயும் சொன்னாரு. நீ வாயத் தொறந்து கேக்க மாட்டேன்னு தெரியும். நூல் சுத்திகினே கண்ணத் தொடச்சுகினு இருந்த. எனக்கும் பேச வரல. வண்டிய எடுத்துகினு போயி அவுங்க வாசல்ல நின்னுட்டா பேச்சே வேணாம்னு நெனச்சேன்.

பானுப்ரியா: அம்மா உங்கள அவ்ளோ பேசினாங்களே...

ராஜ்குமார்: பேசினாங்க. கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதுக்கு இன்னா பண்றது? பொண்ணு வூடு இருக்கறப்ப ஹோமா? ...ஆனா நானே ஓட்டிகினு போவணும்னு ஆசப்பட்டேன். இனிமே டிரைவருக்குத்தான் சொல்லணும். நைனா வண்டிய வேற எவனோ ஓட்டப் போறான்.

பானுப்ரியா: எறங்குங்க. இந்தப் பக்கம் வந்து உக்காருங்க.

ராஜ்குமார்: எதுக்கு?

பானுப்ரியா: சாயப்பட்டறைக்குப் போறேன்னு காலைல காலைல கெளம்பினேனே, பாதி நாள் அங்க போவல. லைசென்சு வாங்கி மூணு மாசம் ஆவுதுங்க. என் காலு தறி மிதிச்சதில்ல, போளூர் வழியா கலசப்பாக்கம் வரைக்கும் ஒரு எடத்துலயும் நிக்காம கொண்டுபோவேன். ...அம்மாவக் கூட்டினு வரலாமான்னு உங்களாண்ட கேக்கத்தான் இத்தினி நாளா தைரியம் வரல.