மூவ் வேணாம், காப்பி குடுங்க

கதிர்காமம் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவளுக்கு ஆறு மாத வயிறு. ஸ்கேனில் கேட்ட குழந்தையின் இதயத் துடிப்பை மற்றவள், அவளுடைய அண்ணி, தன் செல்போனில் பதிந்து வைத்திருந்தாள்.

“இத மெமரி கார்டுக்கு மூவ் குடுத்துடறேன் செல்வி. கார்டை துபாய்க்கு உன் வூட்டுக்காரருக்கு அனுப்பிடலாம்.”

“மூவ் வேணாம் அண்ணி. போற வழியில நின்னுட்டா?”

“அது வெறும் சத்தம்தாண்டி.”

“இருக்கட்டும். காப்பி குடுங்க.”

அண்ணி சிரிக்கவில்லை. காப்பி கொடுத்தாள். திரையில் கோடு நிரம்பும்வரை இருவரும் மூச்சு விடவில்லை, நானும்தான். பிறகு போனிலிருந்து ஒரு முறை, கார்டிலிருந்து ஒரு முறை போட்டுக் கேட்டார்கள். குதிரை ஓடுவது போல் அதே சத்தம்.

“பாத்தியா, ரெண்டு எடத்துலயும் இருக்கு.”

செல்வி வயிற்றில் கை வைத்தாள்.

“மூணு எடத்துல அண்ணி.”