மூன்றாம் நாளின் காலிக் கட்டம்

"எங்க மூணாம் நாளை எங்கேம்மா தொலைச்ச?"

தர்மபுரி போகும் பேருந்து இண்டூரைத் தாண்டியபோது இது என் காதில் விழுந்தது. கேட்டவர் எனக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் மாரியம்மன் திருவிழா நோட்டீசின் மாதிரிப் பிரதி. எந்த நாள் பூசை எந்த வீட்டாருடையது என்ற அட்டவணை அதில் இருந்தது. இருக்கையில் இருந்த பெண் அதை அச்சுக்கு வடிவமைத்தவள்.

"கம்ப்யூட்டர்ல வேர்டுல நீங்க கட்டம் போட்டுத்தான் குடுத்தீங்க. நான் லேஅவுட்டுக்கு எடுக்கறப்ப எழுத்த மட்டும் எடுத்துட்டேங்ண்ணா. பேர் இல்லாத கட்டம் விட்டுப்போயி, கீழ இருந்த பேரெல்லாம் ஒரு நாள் மேல ஏறிருச்சு."

"ஏறுவான். நாலாம் நாள்காரன் இதப் பாத்தான்னா அடுத்த வருசமும் எறங்க மாட்டான்."

"நீங்க பேரே போடலியேங்ண்ணா?"

"எப்படிப் போடறது? அப்பா போயி இன்னும் வருசம் திரும்பல. இந்தத் தடவ எங்க வூட்டுல பூசை செய்யக்கூடாது. அதுக்காக நாள் எங்களுது இல்லன்னு ஆயிருமா?"

அவள் பிரதியை வாங்கிப் பார்த்தாள்.

"கட்டத்தோடவே திரும்ப எடுத்துர்றேங்ண்ணா. அந்த எடத்துல ஒரு கோடு போட்டுரட்டுங்களா?"

"கோடு வேண்டாம்மா. எங்கள அடிச்சுட்ட மாதிரி இருக்கும். சும்மா உடு."

"சரிங்ண்ணா."

அவருடைய நிறுத்தம் வந்தது. இறங்கும் முன் கேட்டார்.

"அந்தக் கட்டம் எவ்ளோ பெருசு வரும்?"

"மத்தவங்களுக்கு வர்ற அளவுதாங்ண்ணா."

"அது போதும்."