ஏழாவது போர்டு

...இல்ல தம்பி, போர்டு வச்சது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. வண்டி நிறுத்தறதுக்கு ஒரே கம்பத்துல ஏழு போர்டு வச்சான் பாருங்க, அதத்தான் சொல்றேன். நேரா நில்லுங்க. காலை அசைக்காதீங்க, மடிப்புல குண்டூசி இருக்கு. பேண்ட்டுல வலது காலு கணக்கா வந்துடுச்சு. இடது காலுதான் பாக்கி. அது ஆயிடும், அதுல என்ன இருக்கு.

வாசல்ல நிக்கிற வெள்ளை கார் உங்களுதுதானே? சரியாத்தான் விட்டிருக்கீங்க. இன்னிக்கு பதினேழு, ஒத்தப்படைத் தேதி. ஒத்தப்படைன்னா எங்க கடைப் பக்கம், ரெட்டப்படைன்னா எதிர்ப் பக்கம். இது மொத போர்டு. பச்சப் புள்ளைக்கும் புரியும். ஆனா முப்பத்தொண்ணும் ஒத்தப்படை, மறுநாள் ஒண்ணாந்தேதியும் ஒத்தப்படை... அங்கதான் தெருவே முழி பிதுங்கி நிக்கும். எதிர்ல பல் டாக்டர் இருக்காரே, படிச்சவரு, அவரு கொழம்பிப்போயி வண்டிய நட்ட நடு ரோட்டுல விட்டுட்டு, இது எந்தப் பக்கமும் இல்லையேன்னு வாதாடினாரு. அவருக்கு ரெண்டு அபராதச் சீட்டு. பக்கத்துக்கு ஒண்ணு.

என்ன கேட்டீங்க? இடது காலா? இருங்க, வர்றேன். ரெண்டாவது போர்டு செவ்வாக்கெழமை. தெரு கூட்டறதுக்காக வண்டி நிக்கக்கூடாது. கூட்டறவங்க இந்தப் பக்கம் வந்து நாலு வருஷமாச்சு. சீட்டு மட்டும் செவ்வாய் தவறாம வந்துடும். மூணாவது, காலையில சாமான் எறக்கற நேரம். நாலாவது, பள்ளிக்கூடம் விடற நேரம். அஞ்சாவது, தெருமுனையிலேருந்து அஞ்சு மீட்டர் தள்ளி நிக்கணும்.

இந்த அஞ்சு மீட்டர் இருக்கே... அதுல நான் பட்ட பாடு நாய் படாது தம்பி. ஜனங்க சீட்டு வாங்கிட்டு கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்கறத பாக்க மாட்டாம, இதோ இந்த டேப்பை எடுத்துக்கிட்டு நானே போயி அளந்தேன். தையலுக்கு விடற மாதிரி ரெண்டு அங்குலம் கூடவும் விட்டு, சாக்பீஸால கோடு போட்டேன். ரோட்டுல கிறுக்குனதுக்கு எனக்கே சீட்டு எழுதிட்டான், இந்தத் தெருவுக்குச் சீட்டு எழுதற அந்தப் பச்சைச் சட்டைக்காரன். வண்டி நம்பர் போடற எடத்துல என்ன போடறதுன்னு தெரியாம, உள்ள வந்து என் தையல் மெஷின் நம்பரைப் பாத்து எழுதிக்கிட்டுப் போனான். வண்டியே இல்லாம சீட்டு வாங்குன பொம்பளைய நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

கடியாரத்தப் பாக்காதீங்க, அது முன்னாடி ஓடும். இன்டர்வியூ பன்னண்டுக்குத்தானே? நிறைய நேரம் கெடக்கு. ஆறாவது போர்டு வெறும் அம்புக்குறி. லாரி இடிச்சதுலேருந்து மேல பாத்துக்கிட்டு நிக்குது. ஆகாசத்துல நிறுத்தச் சொல்றானோ என்னவோ. ஏழாவதுல பத்து நிமிஷம் அது இதுன்னு என்னமோ போட்டிருக்கு, அது ஒண்ணுமில்ல, கடைக்கு வர்றவங்களுக்கு. அத அப்புறம் சொல்றேன். மொதல்ல இத பாருங்க. பழுப்புப் பேப்பர்ல தெருவையே வரைஞ்சு வச்சிருக்கேன். சட்டைக்கு வெட்டற பேப்பர்தான், இந்த வளைவு மட்டும் கை அக்குள், அதக் கண்டுக்காதீங்க. வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் இத விரிச்சுக் காட்டி, ஆதியோட அந்தமா சொல்லித்தான் அனுப்பறேன். அப்பவும் சீட்டு.

கோட்டுக்கு பட்டன் வைக்க ஒரு வக்கீலம்மா வந்தாங்க. அஞ்சாவது போர்டு சொல்லிக்கிட்டிருக்கும்போதே அவங்க வண்டிக்கு சீட்டு. யூனிஃபார்ம் ஜிப்பு மாத்த தீயணைப்பு வண்டி டிரைவர் வந்தாரு. அம்மாம் பெரிய சிவப்பு வண்டி, அதுக்கும் சீட்டு. அட, அத விடுங்க. அந்தப் பச்சைச் சட்டைக்கே பதவி உயர்வு கெடச்சு, தோள்ல ஒரு பட்டை தைக்க இங்கதான் வந்தான். அவனையும் உக்காரவச்சு பேப்பரை விரிச்சேன். வெளிய போயி பாத்தா அவன் ஸ்கூட்டர்ல அவன் ஆளே சீட்டு சொருகிட்டுப் போயிருக்கான். எனக்குப் பாவமா இருந்துச்சு.

சிரிக்காதீங்க தம்பி. இது என் சோத்துக்கு வந்த கேடு. அந்தத் தையக்காரம்மாகிட்ட போனா சீட்டு நிச்சயம்னு ஊரே பேசுது. இந்த வாரம் ஏறி வந்த மொத ஆளே நீங்கதான். எங்க வீட்டுக்காரர் இருக்காரே, வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசறவரு, இன்னிக்குக் காலையில ஒரேயடியா பேசிட்டாரு. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஒருத்தராவது சீட்டு வாங்காம இந்தக் கடைய விட்டுப் போகணும், இல்லன்னா சாவிய கடை ஓனர்கிட்ட குடுத்துட்டு வந்துடுவேன்னு சொல்லிட்டு, அதோ எதிர் பெஞ்சுல போயி உக்காந்து, நியூஸ் பேப்பரால மொகத்த மூடிக்கிட்டுத் தூங்கறாரு. இருபத்தாறு வருஷமா இந்தக் கத்திரிய புடிச்ச கை தம்பி இது. கடைய மூடிட்டு நான் வீட்டுல சொவத்தப் பாத்துக்கிட்டா உக்காருவேன்? செத்தே போயிடுவேன்.

அதனாலதான் சொல்றேன், உங்களுக்கு நல்லா புரிஞ்சுடணும். ஒத்தப்படைக்கு மறுபடி வருவோம்... எங்க போறீங்க? இடது காலு மடிக்கவே இல்ல, தெருவெல்லாம் கூட்டிக்கிட்டுப் போவுது பாருங்க. ஊசி குத்தும், மெதுவா...

போயிட்டாரு.

வந்துட்டீங்களா. பழைய பேண்ட்டுக்குத்தானே? திரைக்குப் பின்னாடி ஆணியில இருக்கு. அது என்ன கையில? குடுங்க பாப்போம். கண்ணாடி எங்க வச்சேன்... பதினேழாந்தேதி, சரி. எங்க கடைப் பக்கம், சரி. அஞ்சு மீட்டரும் சரியா இருக்கு. அப்புறம் எதுக்கு எழுதினான் கடங்காரன்? காரணம்... ஏழாவது போர்டு. பத்து நிமிஷம் மட்டும். வண்டி வந்தது பத்து மணி அஞ்சு. எழுதினது பத்து அம்பது.

முக்கா மணி நேரமா நிக்கிறீங்க?

ஒரு பேண்ட் மடிக்க எனக்கு நாலு நிமிஷம் போதும் தம்பி. ரெண்டு காலுக்கும் சேத்துத்தான். அந்த வக்கீலம்மாவுக்கு பட்டன் ரெண்டு நிமிஷ வேலை. ஜிப்பு ஏழு. பட்டை மூணு. எல்லாரையும் நாந்தான் நிக்க வச்சிருக்கேன். போர்டு மேல பழியப் போட்டுட்டு, என் வாயாலயே என் கடைக்குப் பூட்டு தொங்கவிட்டிருக்கேன். எனக்கு இது தோணவே இல்ல பாருங்க, இத்தன நாளா.

ஸ்டூல்ல ஏறி நில்லுங்க. பேசல. இடது காலை மடிச்சுத் தச்சுடறேன்... ம்... திரும்புங்க... அவ்வளவுதான். பாருங்க, நாலு நிமிஷம்கூட ஆவல. இன்டர்வியூ நல்லபடியா முடியும். கூலியும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. அந்தச் சீட்ட மடிச்சு பையில வைங்க, வச்சிட்டு அந்தக் காரைத் திரும்பிக்கூட பாக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் பெஞ்சுலேருந்து எந்திரிச்சுட்டாரு, ரோட்டைத் தாண்டி வர்றாரு. எப்படி வந்தீங்கன்னு கேப்பாரு. நடந்துதான் வந்தேன்னு சொல்லிடுங்க தம்பி.