குளிர் அறையிலிருந்து காணாமல் போன ஜாடி

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தொன்பது. ஆலைக்குப் பின்தெருவில், இரும்புக்கடை மாடியில் குடியிருக்கிறேன். குளிர்பதன மெக்கானிக். பதினான்கு வருடமாக என் அக்காவின் பீர் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஆலையில் என்னைச் சின்னவர் என்பார்கள். பெரியவர் என்றால் அக்காவின் கணவர், என் அத்தான். அவர் இறந்துவிட்டார்.

குளிர் அறையிலிருந்து காணாமல் போனதாக அக்கா புகார் கொடுத்துள்ள கண்ணாடி ஜாடியை எடுத்தது நான்தான். அதற்காக இரண்டு நாளாக இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பெண்மணிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் குளிர் அறையைக் கழுவித் துடைப்பவர். கோடையிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பதால் அவரைப் பனியக்கா என்போம். அறைச் சாவி அவரிடமும் என்னிடமும் மட்டுமே இருந்தது. போன வாரம் லீவு விஷயமாக அவர் அக்காவிடம் சத்தம் போட்டதால் சந்தேகம் அவர் மேல் போனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டது. நேற்றே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒரு ஜாடி ஈஸ்ட்டுக்கா இவ்வளவு கலவரம் என்று ஆய்வாளர் கேட்டார். அதற்கு ஆலையின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அக்காவும் அத்தானும் கார் நிறுத்தும் கொட்டகையில், இருபது லிட்டர் பாத்திரத்தில் பீர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, அந்தச் சாற்றைக் கொதிக்கவைத்து ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் புளித்து பீராகும். எல்லோரும் ஈஸ்ட்டைக் கடையில் வாங்குவார்கள். அத்தான் பிடிவாதக்காரர், கொல்லையில் இருந்த திராட்சைக் கொடியின் பழத்தோலிலிருந்து தானே வளர்த்தார். பதினோரு தடவை நாறிப்போனது. "இந்த நாத்தத்துக்கு நான் பொறந்த வீட்டுக்கே போயிடறேன்" என்று அக்கா சொன்னது ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டாவது தடவை நல்ல வாசனை வந்தது. அதன் பிறகு அதை ஜாடியில் போட்டுக் குளிரில் வைத்து, காய்ச்சும்போதெல்லாம் அதிலிருந்து எடுத்து, தொட்டியின் அடியில் படிந்ததை மறுபடி ஜாடியில் சேர்த்து உயிரோடு காப்பாற்றி வந்தார்கள். ஜாடி வைக்கக் குளிர்பெட்டி செய்து தரத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பழைய ஃபிரிட்ஜ் இரண்டைப் பிரித்து ஒன்றாக்கிக் கொடுத்தேன். போனவன் அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

இரண்டாவது வருடக் கடைசியில் அத்தான் தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார். ஆலை அவ்வளவுதான் என்று நினைத்தோம். மூன்றாவது வாரம் அக்கா அவருடைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு சைஸ் பெரியது. "ஜாடி எங்கடா? எனக்குன்னு அவரு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்" என்றார்.

அதன் பிறகு எட்டாவது மாதம், மூடிக்கிடந்த நூல் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து நான்கு பெரிய தொட்டிகள் வைத்தோம். பழைய தொட்டிகளைக் காலி செய்து கொடுத்துவிட்டதால், அந்த ஈஸ்ட் இருந்தது கொட்டகையில் இருந்த ஜாடியில் மட்டும்தான். புது இடத்தில் வேலை தொடங்கிய அன்று குளிர் இயந்திரத்தின் மோட்டாரை ஓடவைக்கும் ரிலே எரிந்தது. கடைகள் விடுமுறை. நான் கொட்டகைக்குப் போய், ஜாடி இருந்த பழைய குளிர்பெட்டியின் ரிலேயைக் கழற்றி வந்து மாட்டினேன். மறுநாள் வேறு வாங்கிப் போட்டுவிடலாம் என்று எண்ணினேன். வேலை மும்முரத்தில் மறந்துபோனேன். நான்காம் நாள் ஞாபகம் வந்து ஓடினேன். நல்ல கோடை. ஜாடியைத் திறந்ததும் எரிந்த ரப்பர் வாடை அடித்தது, ஈஸ்ட் செத்துப்போயிருந்தது. ஊரார் வீட்டுப் பெட்டியை எல்லாம் ஓட வைத்தவன், எங்கள் வீட்டுப் பெட்டியை நானே நிறுத்தினேன்.

சொல்லிவிடுவது என்றுதான் அக்காவிடம் போனேன். அவர் புதுத் தொட்டி முன் ஸ்டூல் போட்டு ஏறி நின்றுகொண்டு, "இன்னைக்கே அவரை உள்ள விட்டுடலாமாடா?" என்று ஈஸ்ட்டைக் குறித்துச் சிரித்தபடி கேட்டார். அத்தான் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நாளைக்கு என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஊரின் அடுத்த கோடியில் இருந்த கடையில் ஈஸ்ட் பொட்டலம் வாங்கி, ஜாடியைக் கழுவி, கரைத்து ஊற்றி வைத்தேன். மூன்று வாரம் கழித்து முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, "அவரு கை அப்படியே இருக்குடா" என்று அழுதார். நானும் அழுதேன்.

அந்த பீருக்குத்தான் போட்டியில் பரிசு வந்தது. நான்கு தொட்டி பன்னிரண்டாயிற்று. முப்பத்தொரு பேர் வேலை செய்கிறார்கள். பாட்டில் லேபிளில் 'பெரியவரின் ஈஸ்ட், முதல் நாளிலிருந்து' என்று அத்தானின் கையெழுத்து மாதிரியே அச்சடித்திருக்கிறது. ஒவ்வொரு புதுத் தொட்டிக்கும் முதல் கரண்டியை அக்காதான் ஊற்றுவார். அப்போதெல்லாம் நான் திரும்பி நின்று மீட்டரைப் பார்ப்பேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். எனக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. யாரும் கேட்கவில்லை, நான் சும்மா இருந்தேன். பதினோரு வருடம் சும்மா இருந்ததில் எனக்கு உடம்பெல்லாம் அலுத்துவிட்டது.

இரண்டு மாதம் முன்பு ஓர் ஆய்வுக்கூடத்தார் வந்து, ஜாடி ஈஸ்ட்டைச் சோதித்து நிரந்தரமாகப் பாதுகாக்கப்போவதாகவும் அதற்கு அத்தானின் பெயரையே வைப்பதாகவும் சொன்னார்கள். அக்கா அந்தப் பெயரைத் தாளில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டினார். சோதித்தால் கடைச் சரக்கு என்று தெரிந்துவிடும். ஆகவே செவ்வாய்க்கிழமை காலை, ஜாடியை வாங்கிப்போக அவர்கள் வண்டி வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பு, ஜாடியைப் பைக்குள் வைத்து எடுத்துப்போனேன். "தொட்டியிலயும் அதே ஈஸ்ட்தானே இருக்கு, அதை எடுத்துட்டுப் போக மாட்டாங்களா?" என்று ஆய்வாளர் கேட்டார். எடுத்துப் போவார்கள்தான். அது எனக்கு வீட்டுப் படி ஏறும்போதுதான் தோன்றியது.

ஜாடியை இப்போது ஒப்படைத்துவிட்டேன். அக்கா வெளியே பெஞ்சில் இருக்கிறார். ஜாடி கிடைத்தால் போதும், எடுத்தவரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று காவலரிடம் சொல்லி அனுப்பினார். ஜாடியைக் கொடுக்கும் முன் இதை அவருக்குப் படித்துக் காட்டக் கேட்டுக்கொள்கிறேன். என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள். யாரும் மிரட்டவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)

ஆய்வாளர் குறிப்பு: மேற்படி வாக்குமூலம் புகார்தாரருக்கு முழுவதும் படித்துக் காட்டப்பட்டது. காவலில் இருந்த பெண்மணி விடுவிக்கப்பட்டார், புகார்தாரர் அவருடன் நடந்தே சென்றார். ஜாடியைப் பெற்றுக்கொள்ளப் புகார்தாரர் மறுத்துவிட்டதால் அது நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளது. நிலையத்தில் குளிர்பெட்டி இல்லை.