சித்தப்பாவின் சத்தியம்

அவைத்தலைமை ஏற்றிருக்கும் நகரத் தலைவர் எங்கல்பெர்ட் அவர்களே! தொழிற்சங்கங்களின் மூத்தோரே! மாவு படிந்த கையோடும் மடியில் மழலையோடும் சந்தைத் திடலை நிறைத்திருக்கும் தாய்மாரே! பீப்பாய் மேல் ஏறி நிற்கும் தோல் பதனிடும் தோழர்களே! ரொட்டிச் சங்கத்து ஹார்ட்விக்கின் வணக்கம்.

ஆலயத்தோடு இந்த நாட்டையும் ஆண்ட நம் அரச ஆயர் லுடோல்ஃப் ஆண்டகையை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகிறது. அவருடைய அண்ணன் மகன் டீட்மார், புதிய ஆயராகத் தேர்வானவர், இருநூறு வீரரோடு நம் நகரக் கதவுக்கு வெளியே நிற்கிறார். நகரின் உரிமைகளைக் காப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஆயர் உள்ளே வருவதுதானே நம் ஐஷன்டால் நகரின் வழக்கம்? இவரோ, "எங்க சித்தப்பா பண்ணின சத்தியமே போதும், கதவைத் தொறங்க" என்கிறார். திறக்கலாமா? அந்தச் சித்தப்பாவின் வாழ்க்கையையே கேட்போம்!

யார் அந்த லுடோல்ஃப்? பிரபு வீட்டு இரண்டாம் பிள்ளை. மூத்தவனுக்குக் கோட்டை, இளையவனுக்குக் கோயில். பதினான்கு வயதில் பேராலயத்தில் பதவி. பொழுது போனதோ பன்றி வேட்டையில்! முப்பதில் ஆயரானார். ஒரு கையில் செங்கோல், மறு கையில் வாள். பூசைப் புத்தகம் பிடிக்கக் கைதான் இல்லை! சிரிக்கிறீர்களா தாய்மாரே? சிரியுங்கள், அவரே சொல்லிச் சிரித்ததுதான்.

அன்று இதே கதவுக்கு முன்னூறு குதிரையோடு வந்தார். வாயில்காவலன் காய்ச்சலில் கிடக்க, அவன் மனைவி ஓட்டிலியா சாவியோடு மதில் மேல் நின்றாள்.

"கதவைத் தொற பொம்பளே! நான் உன் ஆயர்!"

"சத்தியம் பண்ணுங்க ஆண்டகை, தொறக்கறேன்."

"ரொட்டி சுடறவனுக்கும் தோல் ஊறவைக்கறவனுக்குமா நான் சத்தியம் பண்ணணும்?"

"உங்களைத் தேர்ந்தெடுத்த பேராலயத்துக் குருமாருக்குப் பண்ணீங்களே! எங்களுக்குன்னா மட்டும் வாய் வலிக்குதா?"

குதிரையைத் திருப்பினார். நகருக்கு வெளியே, குன்றின் மேல் இருக்கும் தன் கோட்டையில் நான்காண்டு குடியிருந்தார். தானிய வண்டிகளை மறித்தார். என் தந்தை பன்றிக்குப் போடும் கருவாலி மரக் கொட்டையை இடித்து ரொட்டி சுட்டார். அந்தக் கசப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. பசித்தோம், பணிந்தோமா? புலம்பினோம், திறந்தோமா? இல்லை!

ஐந்தாம் ஆண்டுத் தவக்காலத்தில் தன்னந்தனியாக, நடந்தே வந்தார். மதில் மேல் அதே ஓட்டிலியா.

"சொல்லும்மா, என்ன சொல்லணும்? சத்தியம் பண்ணாத ஆயர்னு நாலு வருஷமா என் பேச்சை நம்பி ஒருத்தனும் ஒரு குதிரைகூடக் கடனாக் குடுக்கல."

"மொதல்ல முட்டி போடுங்க ஆண்டகை. சேறுன்னு பாக்காதீங்க."

முழங்கால் சேற்றில் பதிய, முழு நகரமும் கேட்க, சத்தியம் செய்தார். பிறகு முப்பத்தொரு ஆண்டு அதைக் காத்தார். பக்கத்து நாட்டுப் பிரபு படையோடு உள்ளே வர வழி கேட்டபோது, நம் மதில் மேல் நம்மோடு நின்று, நம் கூழையே குடித்து, "என் வாக்கு செத்தா நான் ஆயர் இல்லடா, வெறும் குதிரைக்காரன்!" என்று கர்ஜித்தாரே! அந்த மனிதரை ஆயராக்கியது யார்? பேராலயமா? பிரபுக் குலமா? நாம் மூடிய கதவு ஐயா, நாம் மூடிய கதவு!

அங்கே யார் குரல் கொடுப்பது? "உனக்கென்ன ஹார்ட்விக், அம்பு வந்தா எங்க கூரைமேலதான விழும்" என்கிறீர்களா? நியாயமான கேள்வி. வெளியே நிற்கும் வில்வீரரில் ஒருவன், டீட்மாரிடம் கூலிக்குச் சேர்ந்த என் மகன். மூன்று நாளாக எனக்கு ரொட்டி இறங்கவில்லை. பயமாக இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆயினும் அந்த மகனுக்குத் தகப்பனாகவே சொல்கிறேன்: திறக்காதீர்கள்! சத்தியம் என்ன, அண்ணன் மகனுக்கு எழுதிவைக்கும் தோட்டமா? அவரவர் வாயால் சொன்னால்தான் அது அவரவரைக் கட்டும்!

என்னோடு நிற்போர் கையை உயர்த்துங்கள். அடடா, திடல் முழுக்கக் கைகள்... எங்கல்பெர்ட் ஐயா, உங்கள் கையுமா!

இதோ, மதில் ஏறி உங்கள் விடையை நானே சொல்லப் போகிறேன். என் மகன் கீழே இருந்து என்னை அடையாளம் காண்பான். தன் தகப்பன் தலைகுனியவில்லை என்பதையும் காண்பான். பொறுமையோடு செவி தந்த பெருமக்களே, நெஞ்சு நிறைந்த நன்றி! ஐஷன்டாலுக்கு என் வணக்கம்!